தோற்ற அணிக்குப் பரிசா? என்பிஏ டிராஃப்ட் லாட்டரி: பழசும் புதுசும்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் 30 அணிகளும் ஆண்டுதோறும் ஜூனில் புதிய வீரர்களை இரண்டு சுற்றுகளாகப் பங்கிட்டுக்கொள்ளும். இதுதான் டிராஃப்ட். யார் முதலில் எடுப்பது என்பதில்தான் வழக்கே. நலிந்த அணிக்குக் கைகொடுக்கவும் வேண்டும், அதற்காகவே யாரும் தோற்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சாதித்த முறை இன்னும் வரவில்லை.

1984 வரை, லீக்கின் இரு பிரிவுகளிலும் கடைசியாக வந்த அணிகளில் யாருக்கு முதல் இடம் என்று நாணயம் சுண்டினார்கள். அந்த ஆண்டு ஹூஸ்டன் ஜெயித்து ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தது. போர்ட்லாந்து சாம் போவியை எடுக்க, பின்னாளில் ஜாம்பவானான மைக்கேல் ஜோர்டன் மூன்றாவதாக சிகாகோவுக்குப் போனார். ஆளைக் கணிக்கத் தெரியாவிட்டால் எந்த முறையும் காப்பாற்றாது! ஹூஸ்டன் வேண்டுமென்றே தோற்றது என்ற பேச்சு கிளம்பியதால் 1985-ல் எடுக்கும் வரிசையைக் குலுக்கலில் முடிவுசெய்யும் லாட்டரி வந்தது.

இன்றைய விவாதம் இரண்டு லாட்டரிகளைப் பற்றியது. 1994 முதல் 2018 வரை, ஆக மோசமான அணிக்கு முதல் இடம் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு. எவ்வளவு கெட்ட நேரமானாலும் நான்காம் இடத்துக்குக் கீழே போகாது. 2019-ல் இதை மாற்றி, கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீதம் என்றார்கள். குலுக்கலும் மூன்று இடங்களுக்குப் பதில் நான்கு இடங்களுக்கு. அதனால் கடைசி அணி ஐந்தாம் இடம்வரை சரியலாம்.

குலுக்கல் நடப்பது பூட்டிய அறையில். 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் இயந்திரத்தில் சுழலும். 20 விநாடியில் முதல் பந்து, பிறகு 10 விநாடிக்கு ஒன்றாக மொத்தம் நான்கு. நேரம் பார்த்துச் சைகை காட்டுபவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். நான்கு எண்கள் 1,001 விதமாகச் சேரலாம். ஒன்றைத் தள்ளிவிட்டு மீதி ஆயிரத்தைப் பிளே-ஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கடைசி மூன்றுக்கும் தலா 140.

பழைய முறையின் பாவத்துக்கு பிலடெல்பியா சாட்சி. ஆண்டுக்கணக்கில் அணியைக் கலைத்துப்போட்டு, 2015-16-ல் 72 ஆட்டங்களில் தோற்று முதல் இடத்தை வாங்கியது. ஆனால் புதிய முறை என்ன சாதித்தது? 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டும் ஆக மோசமான அணியின் இடத்துக்கே முதல் வாய்ப்பு விழுந்தது. 2019 முதல் 2025 வரை ஒருமுறைகூட இல்லை. டெட்ராய்ட் 2023, 2024 இரண்டிலும் கடைசியாக நின்று இரண்டிலும் ஐந்தாம் இடத்துக்குப் போனது. 2025-ல் யூட்டாவுக்கும் அதே கதி. அதே ஆண்டு தன் நட்சத்திர வீரர் லூகா டோன்சிச்சைத் தானே வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு 39 ஆட்டங்களில் ஜெயித்த டல்லஸ், 1.8 சதவீத வாய்ப்பில் முதல் இடத்தைப் பிடித்து, கல்லூரி நட்சத்திரம் கூப்பர் ஃபிளாக்கைத் தட்டிச் சென்றது. வேண்டுமென்றே தோற்பதாவது நின்றதா? பிரான்சின் இளம் நட்சத்திரம் வெம்பன்யாமா டிராஃப்டுக்கு வரப்போகிறார் என்றதும் 2022-23-ல் பல அணிகள் மேல் அதே சந்தேகம். மருந்து நோயைத் தீர்க்கவில்லை, நோயாளிக்குத்தான் வலி.

லாட்டரியே வேண்டாம் என்பவர்கள் ‘சக்கரம்’ என்ற யோசனையைச் சொல்கிறார்கள். பாஸ்டன் நிர்வாகி மைக் ஜாரன் முன்வைத்தது: 30 ஆண்டுகளில் ஒவ்வோர் அணியும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை. தோற்றால் ஒரு பைசா லாபமில்லை, சரி. ஆனால் அடுத்த ஆண்டு முதல் இடம் லாஸ் ஏஞ்சலஸுக்கு என்று முன்பே தெரிந்தால், கல்லூரி நட்சத்திரம் ஓராண்டு பொறுத்து வரமாட்டாரா? நலிந்த அணியும் தன் முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஐபிஎல் பாணி ஏலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. பட்டியலில் கடைசியாக வந்தவருக்கும் மெகா ஏலத்தில் அதே பணப்பை. ஆனால் 19 வயதுப் பையனின் முதல் சம்பளத்துக்கு அட்டவணை போட்டு வைத்திருக்கும் என்பிஏ முதலாளிகள் ஏலத்துக்கு எங்கே சம்மதிக்கப்போகிறார்கள்!

என் ஓட்டு பழைய 25 சதவீதத்துக்கே. ஒரே நிபந்தனை: முதல் இடம் வாங்கிய அணி அடுத்த மூன்று ஆண்டு முதல் நான்கு இடங்களுக்குள் வரக்கூடாது. இந்த விதி இருந்திருந்தால், 2011, 2013, 2014 என்று மூன்று முறை முதல் ஆளை எடுத்த கிளீவ்லாந்து ஒருமுறையோடு நின்றிருக்கும்.