கிராமுக்கு என்ன ரேட்டு? ஏற்காட்டு ஏற்றத்துக்காக ரோடு பைக்கை இளைக்க வைத்த இரண்டரை வருடம்

சேலத்தில் ரோடு பைக் வாங்கியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அடிவாரத்தில் போய் நிற்பார்கள். அங்கிருந்து மேலே ஏறக்குறைய 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். முதல் தடவை நான் ஏறி முடிக்க 1 மணி 52 நிமிடம் ஆனது. மேலே ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டே, சைக்கிளின் எடையைக் குறைத்தே தீர வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

என்னுடையது அலுமினிய பிரேம், முன் சக்கரத்தைத் தாங்கும் கவை (போர்க்) மட்டும் கார்பன், 8 ஸ்பீடு ஷிமானோ க்ளாரிஸ் கியர், சக்கரத்தின் ரிம்மையே இறுக்கிப் பிடிக்கும் ரிம் பிரேக். வாங்கிய நிலையில், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 11.4 கிலோ. கார்பன் பைக்குக்கு மாறும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. மாதம் ஒரு பாகம், அதுவும் முடிந்தால் மட்டும் என்று ஆரம்பித்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் என் மாமாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. வீட்டுத் தராசை நம்பாமல் கழற்றிய பாகங்களை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தேன். கொலுசுத் திருகாணிகளும் வெள்ளித் தூளும் கிடந்த மேசையில், சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசுத் தட்டில், ஒரு சைக்கிள் டியூபைச் சுருட்டி வைத்தார். 108 கிராம். புது டியூபை வைத்தார். 37 கிராம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "சரி மாப்ள, கிராமுக்கு என்ன ரேட்டு விழுது?"

நான் அதுவரை அப்படிக் கணக்குப் போட்டதே இல்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் அந்த ஒரு எண்ணை மட்டும் எழுத ஆரம்பித்தேன்.

காசே ஆகாமல் குறைந்ததுதான் முதல் வரவு. சைடு ஸ்டாண்டு, ரிப்ளெக்டர்கள், பின் சக்கரத்துப் பிளாஸ்டிக் தட்டு எல்லாம் சேர்த்து 440 கிராம். ரிப்ளெக்டருக்குப் பதிலாகப் பின்விளக்கு போட்டேன், அது எப்போதும் எரியும். மணியைக் கழற்றவில்லை. வளைவில் எதிரே பஸ் வரும் ரோட்டில் மணி இல்லாமல் போகக் கூடாது. அப்புறம் தண்ணீர்: இரண்டு பாட்டிலுக்குப் பதில் ஒன்று கொண்டுபோனாலே முக்கால் கிலோ மிச்சம். ஏப்ரல், மே வெயிலில் மட்டும் இரண்டும் வேண்டும், அதில் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

கூடவே வந்த சீட்டை மாற்றியதில் 130 கிராம் குறைந்தது, விலை 1,900 ரூபாய், கிராமுக்கு 15 ரூபாய். அலுமினிய சீட் போஸ்ட் 1,500 ரூபாய், 95 கிராம், கிராமுக்கு 16. கம்பி வைத்த டயர்களுக்குப் பதில் மடக்கு டயர் ஒரு ஜோடி 3,800 ரூபாய், 220 கிராம், கிராமுக்கு 17. எண் ஒன்றுபோல இருந்தாலும் டயருக்குக் கொடுத்த காசுதான் தினமும் காலில் தெரிகிறது. எடையை விட, ரோட்டில் உருளும் இதம்தான் வித்தியாசம். ஒரே குறை, கருப்பூர் பக்கம் மேக்னசைட் லாரிகள் ஓடும் ரோட்டில் கூரான கல் ஏறி டயரில் கீறல் விழுந்துவிடுகிறது. பின் டயர் 4,000 கிலோமீட்டரில் முடிந்தது.

சக்கரம்தான் பெரிய செலவு. செகண்ட் ஹேண்டில் ஒரு ஜோடி 9,500 ரூபாய், 410 கிராம் குறைவு, கிராமுக்கு 23 ரூபாய். மாட்டிய அன்று கேசட், அதாவது பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, கடகடவென்று ஆடியது. அந்தச் சக்கரத்தில் கேசட் மாட்டும் உருளை (ப்ரீஹப்) 11 ஸ்பீடுக்கானது, என் கேசட் 8 ஸ்பீடு. இடைவெளியை நிரப்ப 1.85 மில்லிமீட்டர் வளையம் (ஸ்பேசர்) ஒன்று போட வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு லேத் பட்டறையில் அலுமினிய வளையம் கடைந்து வாங்கினேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. பழைய சக்கரம் வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சக்கரத்தில் குறையும் ஒரு கிராம் பிரேமில் இரண்டு கிராமுக்குச் சமம் என்று பலரும் சொல்வார்கள். சட்டென்று வேகம் எடுக்கும்போது அது ஓரளவு சரி. மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக மலை ஏறும்போது எங்கே குறைந்தாலும் ஒன்றுதான்.

இப்போது அந்த 37 கிராம் டியூபுக்கு வருகிறேன். நோட்டில் அதுதான் மிக மலிவு: ஜோடி 1,300 ரூபாய், கிராமுக்கு 9 ரூபாய். டிபியு என்ற பிளாஸ்டிக் வகை, பார்க்க மெல்லிய உறை மாதிரி இருக்கும். ஆறு வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் இறங்கும்போது, முன்னால் போன பஸ்ஸின் பின்னால் பிரேக்கைப் பிடித்தபடியே வந்துகொண்டிருந்தேன். ஏழாவது வளைவில் பின் சக்கரம் திடீரென்று வழுக்கியது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் காற்று முழுக்கப் போயிருந்தது. ரிம்மைத் தொட்டேன், விரலை வைக்க முடியவில்லை. வால்வு அடியில் பிளாஸ்டிக் இளகி, ஒட்டு விட்டிருந்தது. ரிம் பிரேக்கில் நீண்ட இறக்கத்தின் சூடு முழுவதும் ரிம்மில்தான் சேரும். இந்த வகையில் சில டியூப்கள் டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமானவை. நான் வாங்கியதன் அட்டையில் அது பற்றி ஒரு வரி இல்லை. கீழே பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், ரப்பர் சொல்யூஷன் அதில் ஒட்டவே இல்லை. அதற்குத் தனி ஒட்டு வேண்டும். விழாமல் தப்பித்தேன், ஆனால் அந்த வளைவில் வலது பக்கம் பள்ளம். இப்போது மெல்லிய ரப்பர் டியூப்தான், ஜோடி 900 ரூபாய், முதலில் இருந்ததை விட 60 கிராம் மிச்சம். ரிம் பிரேக் வைத்துக்கொண்டு ஏற்காட்டில் இறங்குகிறவர்கள் யாருக்கும் டிபியுவை நான் சொல்ல மாட்டேன்.

அன்றோடு என் கணக்கில் ஒன்று கூடியது. பிரேக், ஹேண்டில்பார், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம் இவற்றில் கிராம் பார்ப்பதில்லை. பெயர் தெரியாத கார்பன் ஹேண்டில்பார் மலிவாகக் கிடைக்கிறது. நண்பர்கள் போட்டிருக்கிறார்கள். எனக்கு வேண்டாம். மாறாக 1,200 ரூபாய்க்கு நல்ல பிரேக் ஷூ போட்டேன். எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, இறங்கும்போது கை வலி பாதியாகக் குறைந்தது.

இதை எல்லாம் விட ஏற்றத்துக்கு உதவியது எடையைக் கூட்டிய ஒரு மாற்றம். 28 பல் கேசட்டைக் கழற்றி 32 பல் போட்டேன், அதற்கு ஏற்ற நீளக் கூண்டு டெரெய்லரும் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாகம்) சேர்த்து 3,200 ரூபாய், 110 கிராம் அதிகம். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் இருந்தபோது மணிக்கு 10 கிலோமீட்டருக்கு நிமிடத்துக்கு 65 தடவை மிதிக்க வேண்டும். 32 போட்டால் 75 தடவை. ஒவ்வொரு மிதியும் இலேசாகிவிட்டது, முழங்கால் வலி நின்றது. கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது என்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

மொத்தம் சுமார் 23,000 ரூபாய், வீணாய்ப் போன டியூபையும் சேர்த்து. சைக்கிள் 11.4 கிலோவிலிருந்து 10.15 கிலோ. போன மாதம் 1 மணி 37 நிமிடத்தில் ஏறினேன். 15 நிமிடம் குறைந்ததில் சைக்கிளின் பங்கு என்ன என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நானும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 88 கிலோ. அதில் 1.25 கிலோ என்பது நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு, அதாவது ஒன்றரை நிமிடம். இந்த இரண்டரை வருடத்தில் என் உடம்பில் 4 கிலோ குறைந்தது, அது ஐந்து நிமிடம். மிச்சம் பழக்கமும் அந்த 32 பல்லும்.

கணக்கைக் கேட்டு மாமா, "அப்போ அந்த ஒன்றரை நிமிஷம் என்ன ரேட்டு?" என்றார். கேசட்டையும் பிரேக்கையும் கழித்தால் 19,000 ரூபாய் என்றேன். அதே சைக்கிளை இப்போது தூக்கிப் பார்க்கும்போது அந்தப் பணம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. மாடிப்படியில் ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், வளைவு முடிந்து எழுந்து மிதித்தால் உடனே பாய்கிறது.

பழைய சக்கரங்களை விற்கவில்லை. அக்டோபர், நவம்பர் மழையில் மலை ரோட்டில் மண் கரைந்து வரும். அந்த மண் பிரேக் ஷூவில் ஒட்டி ரிம்மை அரம் மாதிரி தேய்க்கும். மழை தொடங்கியதும் கனமான பழைய ஜோடியை மாட்டிவிடுவேன், தை பிறந்ததும் திரும்ப மாற்றுவேன்.