வட்டார வாரியாகவா, கொள்கை வாரியாகவா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் நூலக மாடியில், பள்ளிப் பிள்ளைகளை வைத்து இரண்டு ஆண்டுகள் மாதிரி நாடாளுமன்றம் நடத்தினேன். முதல் ஆண்டு, அனைத்து ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தைப் பார்த்து வட்டார வாரியாக உட்காரவைத்தேன். மறு ஆண்டு, ஐரோப்பிய நாடாளுமன்றம்போல் கொள்கை வாரியாக. இனி எனக்கு இரண்டாவதுதான்.

முதல் முறையிலும் நல்லது உண்டு. 2004இல் தொடங்கிய ஆப்பிரிக்க அவையில் பெரிய நாடானாலும் சிறிய நாடானாலும் ஐந்து உறுப்பினர்கள்தான். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என ஐந்து வட்டாரக் குழுக்கள். நடத்துவதும் எளிது. ஆனால் தன் வட்டாரத்தாரோடு ஒத்துப்போகாத எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு எழுந்து போக வேறு பெஞ்சே இல்லை. கடைசிவரை கையிலிருந்த பெயர்ச்சீட்டை மடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒத்த கொள்கைக்காரர்கள் ஒரு குழு அமைக்க 23 உறுப்பினர்கள் வேண்டும். அவர்கள் குறைந்தது 7 நாடுகளைச் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும். மொத்த இடங்கள் 720. அவற்றில் ஜெர்மனிக்கு 96. அந்த 96 பேரும் ஒன்றாய் நின்றாலும் தனிக்குழு ஆக முடியாது. எல்லை தாண்டி ஆள் தேடியே தீரவேண்டும். என்னை இந்தப் பக்கம் சாய்த்தது இந்த விதிதான்.

இத்தாலியின் வடக்கு எல்லையில் தென் டைரோல் இருக்கிறது. அங்கே பெரும்பாலோர் பேசுவது ஜெர்மன். அவர்களுடைய தென் டைரோல் மக்கள் கட்சிக்கு ஐரோப்பிய அவையில் ஒரே ஓர் உறுப்பினர். இத்தாலியின் 76 பேருக்குள் கரைந்துபோகவேண்டியவர், ஐரோப்பிய மக்கள் கட்சிக் குழுவில் ஆஸ்திரிய, ஜெர்மானியத் தோழர்களோடு அமர்கிறார். எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டில் தமிழும் அரசு அலுவலகத்தில் மலையாளமுமாக வளர்கிறவர்கள். அதே சிறுமி தென் டைரோல் சீட்டைக் கேட்டு வாங்கினாள். ஆஸ்திரியச் சீட்டு வைத்திருந்தவனையும் கூட்டிக்கொண்டு, விண்ணப்பப் படிவங்கள் தாய்மொழியிலும் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள்.

கொள்கைக் குழு கலையாது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஹங்கேரியின் ஃபிடெஸ் கட்சி 2021இல் தன் குழுவைவிட்டு வெளியேறியது. எங்கள் அவையிலும் ஆற்றுநீர் விவாதம் வந்ததும், மேல்மடை கீழ்மடை என்று குழுவை மறந்து பிரிந்தார்கள். சித்தூர்ப் புழை ஆற்றை நம்பி வாழும் வீட்டுப் பிள்ளைகள் வேறெப்படி இருப்பார்கள்? நான் பார்த்தது நாற்பது பிள்ளைகளை மட்டும்தான்.

இந்த டிசம்பரிலும் குழு வாரியாகத்தான் பெஞ்சுகளைப் போடுகிறோம். பெயர்ப்பலகைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுத அந்தச் சிறுமியே ஒப்புக்கொண்டிருக்கிறாள்.