ஜேடா, ஜேசனா? ஒரே கிடங்கை இரண்டிலும் கட்டிப் பார்த்தேன்

நான்கு வண்டிகள், சில அலமாரிகள், ஒரே ஒரு சார்ஜிங் முனை. ஆர்டர் வர வர வண்டிகள் தங்களுக்குள் பேசி, யார் எடுப்பது என்று முடிவு செய்து, பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைக்க வேண்டும். பேட்டரி குறைந்தால் தாங்களாகவே போய் ஏற்றிக்கொள்ள வேண்டும். கணினித் திரையில் மட்டும் ஓடும் இந்தச் சின்னக் கிடங்கை முதலில் ஜேடில் எழுதினேன். ஜேட், ஜேசன் இரண்டுமே இப்படித் தாங்களாக முடிவெடுக்கும் நிரல்களைக் கட்ட உதவும் கருவிகள். முடித்த கையோடு அதையே ஜேசனிலும் எழுதினேன்.

அப்படிப்பட்ட நிரலைத்தான் மென்பொருள் ஏஜென்ட் என்கிறார்கள். அதைப் பற்றிப் பாடமாகப் படித்து முடித்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் இதுதான்: "சரி, இப்போது எதில் கட்டுவது?" இரண்டுமே ஜாவாவில் எழுதப்பட்டவை, இரண்டுமே இலவசம், இரண்டுக்கும் 2007-இல் வெளிவந்த நல்ல புத்தகம் உண்டு. அதனால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. ஏஜென்ட்டுகளுக்கு இடையில் நடப்பதுதான் உங்கள் தலைவலி என்றால் ஜேட். ஒரு ஏஜென்ட்டின் மண்டைக்குள் நடப்பது தலைவலி என்றால் ஜேசன். இதை நான் நம்புவதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

வேர் வேறு, அதனால் குணமும் வேறு. "பேசுவதே ஒரு செயல்தான்" என்று ஜான் ஆஸ்டினும் ஜான் சர்லும் தத்துவத்தில் சொன்னதை வைத்து, ஏஜென்ட் ஆய்வாளர்கள் ஏஜென்ட்டுகள் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நோக்கம் குறித்தார்கள்: தெரிவிக்கிறேன், கேட்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன். ஏஜென்ட்டுகளுக்குப் பொதுத் தரம் வகுக்க 1996-இல் தொடங்கிய ஃபிப்பா அமைப்பு இப்படி 22 செய்தி வகைகளை வரையறுத்தது. அந்தத் தரத்தை ஓடும் மென்பொருளாக்கியதுதான் ஜேட். இத்தாலியின் டூரின் நகரில், டெலிகாம் இத்தாலியாவின் ஆய்வகத்தில் 1998 கடைசியில் வேலை ஆரம்பித்தது, 2000-இல் திறந்த மூலமாக வெளிவந்தது.

ஜேசனின் வேர் மைக்கேல் பிராட்மேன் என்ற தத்துவவாதி 1987-இல் எழுதிய நூலில் இருக்கிறது. மனிதர் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் அதை மறுபடி எடைபோடுவதில்லை, அந்தத் தீர்மானமே மற்ற யோசனைகளை வடிகட்டுகிறது என்றார் அவர். நம்பிக்கை, விருப்பம், தீர்மானம் என்ற மூன்றையும் வைத்து ஏஜென்ட்டைக் கட்டும் பிடிஐ முறை அங்கிருந்து வந்தது. இந்தக் கோட்பாடு தாளிலேயே தங்கிவிடவில்லை. அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் உருவான பிஆர்எஸ் என்ற அமைப்பை, விண்வெளி ஓடத்தின் உந்துவிசைக் கட்டுப்பாட்டில் பழுது கண்டுபிடிக்கப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில், சிட்னி விமான நிலையத்துக்காக ஒயாசிஸ் என்ற அமைப்பு எழுந்தது. இறங்க வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஏஜென்ட். இறங்கும் வரிசையைப் போட ஒன்று, காற்றைக் கணிக்க ஒன்று, பாதையைச் சரிபார்க்க ஒன்று. ஒரே நேரத்தில் 70, 80 ஏஜென்ட்டுகள் ஓடும். ஆனந்த் ராவும் மைக்கேல் ஜார்ஜெஃபும் 1995-இல் இதைப் பற்றி எழுதியபோது, நேரடி ரேடார் தரவை வாங்கிக்கொண்டு சோதனை ஓட்டத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே, பிடிஐ தர்க்கத்தை ஒரு நிரல் மொழியாகச் சுருக்கி ஏஜென்ட்ஸ்பீக் என்று ராவ் முன்வைத்தார். அதை விரிவாக்கி ஓடவைத்தவர்கள் ரஃபேல் போர்டினியும் ஜோமி ஹூப்னரும். அதுதான் ஜேசன்.

இனி கிடங்குக்கு வருவோம்.

ஆர்டரை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு ரீட் ஸ்மித் 1980-இல் சொன்ன கான்ட்ராக்ட் நெட் முறையே போதும். நம் ஊர் டெண்டர்தான் அது. மேலாளர் ஏஜென்ட் "இந்தப் பெட்டியை யார் எடுக்கிறீர்கள்?" என்று அறிவிக்கும். வண்டிகள் தங்கள் தூரத்தை விலையாகச் சொல்லும், அல்லது மறுக்கும். குறைந்த விலைக்கு ஆர்டர் போகும், மற்றவர்களுக்கு நிராகரிப்பு போகும். ஜேடில் இந்த முழு உரையாடலும் தயார் நிரல் துண்டாகவே கிடைக்கிறது. கெடு நேரம் வைத்தால், எல்லாப் பதிலும் வந்ததும் அல்லது கெடு முடிந்ததும், எது முதலோ அப்போது நம் நிரல் கூப்பிடப்படும். எந்தெந்த வண்டிகள் பதிவாகியிருக்கின்றன என்று தேட மஞ்சள் பக்கம் போன்ற டைரக்டரி ஏஜென்ட் இருக்கிறது. ஸ்னிஃபர் என்ற கருவியைத் திறந்தால் யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்று அம்புக்குறிகளாகத் திரையில் விழும். டெண்டர் பகுதி ஒரே மாலையில் ஓடிவிட்டது.

ஜேசனில் அதே டெண்டரைக் கையால் எழுத வேண்டியிருந்தது. பதில்களை எண்ண வேண்டும், கெடு வரை காத்திருக்க வேண்டும், சிறியதைப் பொறுக்க வேண்டும். கெடு தாண்டி வந்த ஒரு விலை மேலாளரின் நம்பிக்கைத் தொகுப்பில், அதாவது அது உண்மை என்று வைத்திருக்கும் தகவல்களின் பட்டியலில், அப்படியே தங்கி, அடுத்த ஆர்டரின் கணக்கில் கலந்தது. தூரத்தில் நின்ற வண்டிக்கு ஆர்டர் போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு விலையிலும் ஆர்டர் எண்ணைச் சேர்த்துச் சரிசெய்தேன். இந்தப் பகுதியில் ஜேடுக்கே என் ஓட்டு.

வண்டிக்குள் நுழைந்ததும் கதை மாறியது. ஜேடில் ஏஜென்ட்டின் வேலைகளை 'பிஹேவியர்' என்று துண்டு துண்டாக எழுத வேண்டும். ஒரு ஏஜென்ட்டுக்கு ஒரே த்ரெட், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் ஓட்டும் இழை. ஒரு பிஹேவியர் தன் பங்கை முடித்துத் திரும்பினால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு. டெண்டர் முடிவுக்காகக் காத்திருக்க செய்தி வரும்வரை அப்படியே நிற்கும் பிளாக்கிங் ரிசீவ் என்ற கட்டளை வசதியாகத் தோன்றியது, அதைப் போட்டேன். அது பிஹேவியரை மட்டுமல்ல, ஏஜென்ட்டின் த்ரெட்டையே நிறுத்திவிடும். விளைவு, குறித்த இடைவெளியில் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்த டிக்கர் பிஹேவியரும் சேர்ந்து உறைந்துபோனது. பதில் வருவதற்குள் சார்ஜ் பூஜ்யம், வண்டி நடுவழியில் நின்றது. சரியான முறை வேறு: செய்தி இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் 'பிளாக்' சொல்லிவிட்டு உடனே திரும்பிப் போய்விடு. புதுச் செய்தி வந்ததும் ஜேடே எழுப்பும். ஜேடைத் தொடுபவர்கள் முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம் இது.

அதைத் திருத்திய பிறகும் வண்டியின் மூளை நிலைப்பொறியாகவே, அதாவது நிலைகளும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அம்புகளும் கொண்ட வரைபடமாகவே இருந்தது. பெட்டியோடு இருக்கும்போது சார்ஜ் குறைந்தால், பெட்டி இல்லாமல் குறைந்தால், சார்ஜ் முனையில் வேறு வண்டி நின்றால், வழியில் ஆர்டர் ரத்தானால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை, ஒவ்வொரு நிலைக்கும் பல அம்புகள். புதிதாக ஒன்றைச் சேர்க்க நினைத்தால் பழைய எல்லா நிலைகளையும் திரும்பத் தொட வேண்டும்.

ஜேசனில் ஒரு திட்டத்துக்கு மூன்று பாகம். என்ன நடந்தால், எந்தச் சூழலில், என்ன செய்ய வேண்டும். "பேட்டரி 20-க்குக் கீழ் போனது என்று தெரிந்தால், இப்போது சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கவில்லை என்றால், முனைக்குப் போ." இதை ஒரு வரித் திட்டமாகச் சேர்த்தேன், பழையது எதையும் தொடவில்லை. உடனே ஒரு விநோதம். வண்டி அலமாரியை நோக்கி ஓரடி, சார்ஜ் முனையை நோக்கி ஓரடி என்று ஒரே இடத்தில் தள்ளாட ஆரம்பித்தது. காரணம் இதுதான்: பெட்டி எடுக்கும் தீர்மானமும் சார்ஜ் ஏற்றும் தீர்மானமும் இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. ஜேசன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தீர்மானத்திலிருந்து ஒரு படியை எடுத்து மாற்றி மாற்றி ஓட்டுகிறது. பெட்டி எடுக்கும் இலக்கை முதலில் நிறுத்திவை, சார்ஜ் முடிந்ததும் மீண்டும் தொடர் என்று இரண்டு கட்டளைகளைச் சேர்த்ததும் தீர்ந்தது.

எனக்கு இந்தத் தள்ளாட்டம் பிழையாகத் தெரியவில்லை, பாடமாகவே தெரிந்தது. பிராட்மேன் கேட்ட கேள்வி, எடுத்த தீர்மானத்தை எப்போது விடுவது என்பது, இங்கே கண்முன்னே ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாக ஆடுகிறது. டேவிட் கின்னியும் ஜார்ஜெஃபும் 1991-இல் இதையே சோதித்தார்கள். உலகம் மெதுவாக மாறும்போது பிடிவாதமான ஏஜென்ட் ஜெயிக்கிறது. வேகமாக மாறும்போது அடிக்கடி நின்று யோசிப்பது ஜெயிக்கிறது. ஜேடில் இந்தக் கேள்வியை எழுதவே ஓர் இடம் கிடையாது. நிலைப்பொறிக்குள் அது எங்கோ புதைந்து போகும்.

செய்தியின் பொருளிலும் வித்தியாசம் உண்டு. ஃபிப்பாவின் வரையறைப்படி ஒன்றைத் தெரிவிக்கும் ஏஜென்ட் அதை உண்மை என்று நம்ப வேண்டும். இன்னொருவர் மனதில் இருப்பதை யாரால் சோதிக்க முடியும் என்று முனிந்தர் சிங் 1998-இலேயே இதைக் கடுமையாக விமர்சித்தார். நியாயமான விமர்சனம். ஜேடில் எதை வேண்டுமானாலும் தெரிவிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பெறுபவருக்கு அது வெறும் செய்தி, அதை என்ன செய்வது என்று நாம்தான் எழுத வேண்டும். ஜேசனும் பொய்யைத் தடுப்பதில்லை. ஆனால் வந்த தகவல் "இன்னார் சொன்னது" என்ற குறிப்போடு நம்பிக்கையாகப் பதிகிறது. "முனை காலி" என்று மூன்றாம் வண்டி சொன்னதா, நானே பார்த்ததா என்று திட்டத்திலேயே பிரித்துப் பார்க்கலாம். சின்ன விஷயம்தான், ஆனால் அன்றாடம் உதவுகிறது.

அப்படியானால் தொழில்துறை ஏன் ஜேசன் பக்கம் பெரிதாகச் சாயவில்லை? புதிய மொழி, கற்றவர்கள் குறைவு. டெலிகாம் இத்தாலியாவே பின்னாளில் ஜேடின் மேல் வேட் என்ற அடுக்கைக் கட்டியபோது நம்பிக்கையையோ விருப்பத்தையோ சேர்க்கவில்லை. வேலைகளை வரிசையாக அடுக்கும் வொர்க்ஃப்ளோவைத்தான் சேர்த்தது.

மூன்றாவது வழியாக, இன்று எல்லோரும் கேட்பது மொழி மாதிரி ஏஜென்ட்டுகள், அதாவது சாட்ஜிபிடி போன்ற மாதிரியை மூளையாக வைத்து ஓடுபவை. ஆட்டோஜென், லாங்கிராஃப் போன்றவை அவற்றைக் கட்டும் கருவிகள். கிடங்குக்கு இவற்றை நான் எடுக்க மாட்டேன். ஓரடி எடுத்துவைக்க ஒரு மாதிரியை அழைப்பது காசும் நேரமும் விரயம். வாடிக்கையாளரின் கடிதத்தைப் படித்து ஆர்டராக மாற்றுவது போன்ற வேலைக்கு, முன்கூட்டியே திட்டம் எழுத முடியாத இடத்துக்கு, அவை அருமை. ஆனால் ஒரே கருவியைத் திரும்பத் திரும்ப அழைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும் மொழி மாதிரி ஏஜென்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் என் தள்ளாடும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூகுள் 2025 ஏப்ரலில் அறிவித்த ஏ2ஏ நெறியில், ஒவ்வொரு ஏஜென்ட்டும் தன் திறமைகளை ஓர் அட்டையில் எழுதி வெளியிடுகிறது. ஜேடின் மஞ்சள் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அட்டை பழகிய முகம்.

கடைசியில் என் கிடங்கைக் கலந்துதான் கட்டினேன். ஜேசன் ஏஜென்ட்டுகளை ஜேடின் மேலேயே ஓட்ட முடியும். டெண்டர் விடும் மேலாளர் சுத்தமான ஜேட், நான்கு வண்டிகளும் ஜேசன். தகவல் சொல்லும் ஜேசனின் 'டெல்' செய்தி ஜேடில் 'இன்ஃபார்ம்' ஆக மாறும், ஒன்றைச் செய்யச் சொல்லும் 'அச்சீவ்' என்பது 'ரிக்வெஸ்ட்' ஆகும். ஆர்டர் தவறான வண்டிக்குப் போனால் ஸ்னிஃபரைத் திறக்கிறேன். வண்டி போகும் வழியில் மனம் மாறினால் ஜேசனின் மைண்ட் இன்ஸ்பெக்டரைத் திறந்து, அந்த நொடியில் அது எதை நம்பிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறேன்.