மூன்று அடுக்கு சீட்டு வித்தை: 21, 27, 9 – எதைக் கற்றுக்கொள்வது?

சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தவர்களில் பெரும்பாலானோர் முதலில் கற்றுக்கொள்வது 21 சீட்டு வித்தைதான். 21 சீட்டை முகம் தெரியும்படி, வரிசைக்கு ஒன்றாக மாறி மாறி, மூன்று வரிசையாகப் போட்டு, மனதுக்குள் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து எடுப்பார்கள். இதையே மூன்று முறை செய்துவிட்டுப் பதினோராவது சீட்டைத் திருப்பினால், நினைத்த சீட்டு.

இந்த வித்தைக்கு 27 சீட்டில் ஒரு வடிவம் உண்டு. அதைத் தெரிந்தவர்கள் குறைவு. 9 சீட்டில் இன்னொன்று இருக்கிறது, பார்வைக்கு இதே சாயல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பார்க்க வந்தவருக்கு எவ்வளவு உரிமை கொடுக்கிறது என்பதில்தான் ஒவ்வொன்றும் வேறுபடுகிறது. அந்தக் கணக்கில் என் ஓட்டு 27-க்கு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வரலாறு. அடுக்கடுக்காகப் போட்டுச் சீட்டைக் கண்டுபிடிக்கும் வித்தை, பாஷே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1612-இல் லியோன் நகரில் அச்சிட்ட கணிதப் புதிர் நூலிலேயே இருக்கிறது. இதே பாஷேதான் பின்னர் 1621-இல் பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் தியோபாந்தஸின் எண்கணித நூலைப் பதிப்பித்தவர். அந்தப் பதிப்பின் ஓரத்தில்தான் ஃபெர்மா என்ற கணித அறிஞர் தன் கடைசித் தேற்றம் பற்றிய புகழ்பெற்ற குறிப்பை எழுதி வைத்தார். சுமார் இருநூறு வருடம் கழித்து, 1813–14 வாக்கில், ஜெர்கோன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தாம் நடத்திய கணித இதழில் இந்த வித்தைக்குப் பொதுவான விளக்கம் எழுதினார். கணிதக்காரர்கள் இன்றும் இதை ஜெர்கோன் அடுக்குக் கணக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, 21-இல் உள்ளே என்ன நடக்கிறது? முதல் முறை நடுவில் வைத்து எடுத்ததும், நினைத்த சீட்டு 8-லிருந்து 14-க்குள் வந்துவிடுகிறது. மறுபடி போடும்போது அந்த ஏழும் தங்கள் வரிசைகளில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது இடங்களில்தான் விழ முடியும். அந்த வரிசையை நடுவில் வைத்தால் 10, 11, 12 மட்டும் மிச்சம். மூன்றாம் முறை இந்த மூன்றும் ஆளுக்கொரு வரிசையில் சரியாக நான்காவதாக விழுகின்றன. அவர் வரிசையைக் காட்டிய நொடியிலேயே அவருடைய சீட்டு உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் பதினொன்று வரை எண்ணுவது வெறும் சடங்கு.

இதன் பலம், தவறவே தவறாது என்பது. 21-இல் 11 நட்ட நடு. மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் அதேதான். கட்டைத் தலைகீழாக எடுத்துவிட்டாலும் வித்தை கெடாது. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்லது இல்லை.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. எப்போதும் நடு, எப்போதும் பதினொன்று. பார்ப்பவர் சீட்டை நினைப்பதைத் தவிர வேறெதையும் தீர்மானிப்பதில்லை. மூன்று முறை ஒரே கேள்வி, 63 சீட்டு போடும் நேரம், முடிவில் கூட்டத்தில் ஒருவர் "பதினொன்னு" என்று முந்திக்கொள்வார். கணக்காகப் பார்த்தாலும் இது முழு வேலையும் செய்வதில்லை. மூன்று விடைகள் உள்ள கேள்வியை மூன்று முறை கேட்டால் 3 × 3 × 3, அதாவது 27 சீட்டைப் பிரித்தறியலாம். 21-இல் ஆறு சீட்டுக்கான இடம் சும்மா கிடக்கிறது.

27-க்கு வாருங்கள். இங்கே இடம் துளியும் வீணாவதில்லை. அதனால் நினைத்த சீட்டை நடுவுக்கு மட்டுமல்ல, 1 முதல் 27 வரை எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். அந்த இடத்தைப் பார்ப்பவரே சொல்லலாம்! நம்மவர்களுக்கு 27 என்றதும் நினைவுக்கு வருவது நட்சத்திரம். அசுவினி ஒன்று, ரேவதி 27. "உங்கள் நட்சத்திரம் என்ன?" என்று கேட்டுவிட்டு, அந்த எண்ணில் அவர் நினைத்த சீட்டைத் திருப்பிக் காட்டினால், 21-க்கும் இதற்கும் உள்ள தூரம் உடனே புரியும். வித்தை அவருடையதாகிவிடுகிறது.

செய்முறை இதுதான். நட்சத்திர எண்ணில் ஒன்றைக் கழியுங்கள். மூன்றால் வகுத்தால் வரும் மீதி, முதல் முறை அவர் காட்டிய வரிசைக்கு மேலே எத்தனை வரிசை வைக்க வேண்டும் என்பதைச் சொல்லும். ஈவை மறுபடி மூன்றால் வகுத்தால் கிடைக்கும் மீதி இரண்டாம் முறைக்கு. கடைசியில் நிற்கும் ஈவு மூன்றாம் முறைக்கு.

உங்கள் அத்தை திருவோணம் என்று வைத்துக்கொள்வோம். திருவோணம் 22. ஒன்று போனால் 21. மூன்றால் வகுத்தால் ஈவு 7, மீதி 0. ஏழை வகுத்தால் ஈவு 2, மீதி 1. ஆக 0, 1, 2. முதல் முறை அத்தை காட்டிய வரிசை எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டாம் முறை நடுவில், மூன்றாம் முறை அடியில். சீட்டை முகம் தெரியப் போட்டு, ஒவ்வொரு வரிசையையும் அப்படியே சேர்த்து முகம் கீழாகத் திருப்பி எடுக்க வேண்டும். "மேலே" என்று சொல்வது அப்படித் திருப்பிய நிலையில். பிறகு முகம் கீழாகவே எண்ணிக்கொண்டு போனால் இருபத்திரண்டாவதாக அத்தை நினைத்த ஆர்ட்டின் ராணி.

27-இல் ஆபத்து இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை இடம் மாற்றி வைத்தால் எல்லாம் போச்சு, 21 மாதிரி மன்னிக்காது. ஆனால் ஒரு பிடி உண்டு. மூன்றாம் முறை அத்தை வரிசையைக் காட்டும்போது அவருடைய சீட்டு அந்த வரிசையில் எத்தனையாவது என்பது கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது: இரண்டாம் முறை எண்ணை மூன்றால் பெருக்கி, முதல் முறை எண்ணைக் கூட்டி, இன்னும் ஒன்று. இங்கே 3 + 0 + 1, நான்காவது. வரிசையை எடுக்கும் முன் அந்த நான்காவது சீட்டைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அடுக்கும்போது கை தடுமாறினாலும் சீட்டின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்.

இந்த அமைப்பு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு ஒரு வேடிக்கையான எல்லை உண்டு. மூன்று வரிசை, மூன்று முறை என்பதைப் பத்து வரிசை, பத்து முறை என்று ஆக்கினால் ஆயிரம் கோடி சீட்டு வேண்டும். கனடாவின் வின்னிபெக் நகரத்தைச் சேர்ந்த மெல் ஸ்டோவர் இதை எழுதிக் காட்டியதை கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் பதிவு செய்திருக்கிறார். அங்கே மூன்றால் வகுக்கும் வேலையே கிடையாது. கேட்ட எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டு, மீதமுள்ள எண்ணின் இலக்கங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாலே போதும். 27 சீட்டு வித்தை ஏன் வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை.

9 சீட்டு வேறு குடும்பம். மேடை மாயாஜாலங்களை வடிவமைக்கும் அமெரிக்கர் ஜிம் ஸ்டைன்மேயர் 1993-இல் வெளியிட்டது. மூன்று அடுக்கு இதிலும் உண்டு, ஆனால் அது சீட்டை மேலிருந்து மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவர மட்டும்தான். பார்ப்பவர் ஒன்பது சீட்டை மூன்று மூன்றாக வைத்து, ஒன்றை எடுத்து அதன் அடிச்சீட்டைப் பார்த்துவிட்டு, அந்த அடுக்கை மற்றவற்றின் மேல் வைக்கிறார். பிறகு சீட்டின் பெயரை (Queen, of, Hearts போல) ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி, எழுத்துக்கு ஒன்றாக மேசையில் போடுகிறார். ஒரு சொல் முடிந்ததும் கையில் மிச்சமிருப்பதை அதன் மேல் வைக்கிறார். கேள்வியே இல்லை. நீங்கள் சீட்டைத் தொடவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். போனில் பேசிக்கொண்டே செய்யலாம்.

தமிழில் சீட்டின் பெயரை எழுத்துக் கூட்டினால் இது உடைந்துவிடும். ஆறும் ஏழும் இரண்டே எழுத்து. முதல் சொல்லுக்குக் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும். ஆனால் சீட்டின் பெயர்தான் வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. முதல் சொல் மூன்று முதல் ஒன்பது எழுத்து, இரண்டாவது சரியாக இரண்டு, மூன்றாவது ஐந்து முதல் ஒன்பது, நான்காவது சரியாக ஐந்து. இவ்வளவுதான் நிபந்தனை. எனவே அவர் பெயர், பிறகு "ஊர்", பிறகு அவர் ஊரின் பெயர், கடைசியில் "மாயாஜாலம்". செல்வி, ஊர், திண்டுக்கல், மாயாஜாலம். புள்ளி வைத்த எழுத்தும் ஒரு எழுத்து என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசிச் சொல்லின் ஐந்தாவது எழுத்தில் விழும் சீட்டுத்தான் செல்வி பார்த்தது. ஊர் மதுரை என்றால் மூன்றே எழுத்து, "மதுரைக்காரர்" என்று கூட்டச் சொல்லலாம். பாலசுப்பிரமணியன் பத்து எழுத்து, சீட்டு தீர்ந்துவிடும். அவரைப் "பாலு அண்ணா" ஆக்கிவிட வேண்டியதுதான்.

இருபது சீட்டை ஜோடி ஜோடியாக வைத்து, நான்கு இலத்தீன் சொற்களை மனதில் கொண்டு பரப்பும் ஒரு பழைய வித்தையும் உண்டு. ஒரே ஒரு கேள்வியில் முடிந்துவிடும் என்பது நல்ல அம்சம். ஆனால் சீட்டைத் தாறுமாறாகப் பரப்புவதே பார்ப்பவர் கண்ணை உறுத்தும். அதனால் அதை நான் சேர்க்கவில்லை.

தொலைவில் இருப்பவருக்கு 9. நேரில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு 27. தான் செய்த முதல் வித்தை என்று பிள்ளை மகிழ 21. போட நேரம் அதிகம் பிடிக்கிறது என்று 27-ஐச் சிலர் ஒதுக்குவார்கள். 81 சீட்டு போட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பேச்சு நட்சத்திரத்தைப் பற்றிப் போய்க்கொண்டிருக்கும்போது யாரும் சீட்டை எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

பழகத் தொடங்குபவர்களுக்கு மூன்று நட்சத்திரங்களில் கணக்கே வேண்டாம். அசுவினிக்கு மூன்று முறையும் மேலே. பதினான்காவதான சித்திரைக்கு மூன்று முறையும் நடுவில். ரேவதிக்கு மூன்று முறையும் அடியில். இந்த மூன்றையும் கை பழகும் வரை செய்துவிட்டு மற்ற 24-க்குப் போங்கள். ரேவதிக்காரர் கிடைத்தால் விடாதீர்கள்: 26 சீட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு, ஒன்றுகூட அவருடையது இல்லை என்று அவர் தலையாட்டிக்கொண்டே வர, கையில் கடைசியாக நிற்பது அவர் நினைத்த சீட்டு.