இதயத்தின் கால்சியம் கதவைக் கசிய வைப்பது எது? மோதும் மூன்று விளக்கங்கள்

தருமபுரியில் நர்சிங், பார்மசி படிக்கும் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். இதயப் பாடம் வந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "துடிப்புக்குத் துடிப்பு கால்சியத்தைத் திறந்துவிடுற கதவு, திறக்கக் கூடாத நேரத்துல ஏன் மேடம் திறக்குது?" பாடநூல் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. ஆய்வுலகிலோ இதற்கு மூன்று பதில்கள் இருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவை மல்லுக்கட்டுகின்றன. எந்தப் பதில் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதுதான் இந்த அலசல்.

முதலில் கதவு. அதன் பெயர் ரயனோடின் ரிசெப்டர்-2. நான்கு துண்டுகள் சேர்ந்த ராட்சதப் புரதம். ஒவ்வொரு துண்டிலும் ஏறத்தாழ 5,000 அமினோ அமிலங்கள், மொத்த எடை 22 லட்சம் டால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு) இருக்கும். செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் சார்கோபிளாச வலையின் சுவரில் அது உட்கார்ந்திருக்கிறது. இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில், சுவருக்கு உள்ளே இருக்கும் கால்சியத்தின் செறிவு வெளியே இருப்பதைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு. செல்லின் மேலுறையில் இருக்கும் எல்-வகைச் சேனல் என்ற நுழைவழியாகக் கொஞ்சம் கால்சியம் உள்ளே வந்து பட்டதும் இந்தக் கதவு திறந்து மீதியைக் கொட்டுகிறது. கை, கால் தசைகளுக்கு இப்படி வெளியிலிருந்து கால்சியம் வர வேண்டியதில்லை. இதயத்துக்கு வந்தே ஆக வேண்டும். 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்தபோது, கரைசலைக் குழாய்த் தண்ணீரில் கலக்கியிருந்ததால்தான் அது துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் கலக்கியதும் துடிப்பு அடங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வித்தியாசம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் கொதித்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பங்கும் கால்சியம் உப்புதான்.

இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கதவு கசிந்தால் என்ன ஆகும்? கசிந்ததில் செல்லைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு கால்சியம் அயனிக்கும் ஈடாக மூன்று சோடியம் அயனிகள் செல்லுக்குள் வருகின்றன. கால்சியத்துக்கு இரண்டு நேர்மின்சுமை, சோடியத்துக்கு ஒன்று. கணக்குப் பார்த்தால் ஒரு நேர்மின்சுமை மிச்சம். இப்படிச் சேரும் மின்னோட்டம் போதுமான அளவு ஆனால் வேளைகெட்ட துடிப்பு ஒன்று பிறக்கும்.

முதல் விளக்கம் 2000-இல் அமெரிக்காவின் நியூயார்க்கில் ஆண்ட்ரூ மார்க்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவிடமிருந்து வந்தது. அட்ரினலின் செல்லின் மேலுறையில் இருக்கும் பீட்டா ஏற்பியைத் தொடுகிறது, பிகேஏ என்ற நொதி விழிக்கிறது, கதவில் 2808 என்ற இடத்தில் (அந்த எண்ணுள்ள அமினோ அமிலத்தில்) பாஸ்பேட்டை ஏற்றுகிறது, கதவை இறுக்கிப் பிடித்திருக்கும் எஃப்கேபிபி12.6 என்ற சிறு புரதம் கழன்றுவிடுகிறது. இதயச் செயலிழப்பில், அதாவது இதயம் பலவீனமாகி ரத்தத்தைப் போதுமான அளவு தள்ள முடியாத நிலையில், அட்ரினலின் ஓயாமல் சுரப்பதால் கதவு நிரந்தரமாகக் கசிகிறது. துடிப்புக் கோளாறும் இதயத்தின் பலவீனமும் அட்ரினலினை மறிக்கும் மருந்தும் ஒரே சங்கிலியில் கோத்துக்கொள்கிற அழகான விளக்கம். ஆனால் அதே 2808-இல் பாஸ்பேட் ஏற முடியாதபடி மரபணுவை மாற்றிய எலிகளை வேறு ஆய்வகங்கள் உருவாக்கிச் சோதித்தபோது, ஓரிடத்தில் இதயம் காப்பாற்றப்பட்டது, வேறிடங்களில் எந்த வித்தியாசமும் இல்லை. அதைவிட என்னை யோசிக்க வைப்பது இன்னொரு தகவல்: இதயச் செல்லில் எஃப்கேபிபி12.6 ஒட்டியிருப்பதே ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கதவுகளில்தான் என்று 2010-இல் அளந்து காட்டினார்கள். ஒட்டாத ஒன்று கழன்றுபோனதால் பெரும்பாலான கதவுகள் கசிந்தன என்பது எப்படிப் பொருந்தும்? மூன்றில் இதுதான் பலவீனமானது என்பது என் எண்ணம்.

இரண்டாவது விளக்கம் கேம்கைனேஸ்-2. கால்சியம் கூடினால் தானே விழித்துக்கொள்ளும் நொதி இது. 2814 என்ற பக்கத்து இடத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்த இடத்தை மாற்றிய எலிகளில் துடிப்புக் கோளாறு குறைகிறது, இதயச் செயலிழப்பில் இந்த நொதியின் வேலை கூடுகிறது என்று சான்றுகள் ஒரே திசையில் நிற்கின்றன. ஒரே ஒரு சிக்கல். இது கதவை மட்டும் தொடுவதில்லை. கால்சியத்தைச் சேமிப்பறைக்குள் இழுக்கும் பம்பையும் முடுக்குகிறது, சோடியம் சேனலையும் குழப்புகிறது. அதனால் சேமிப்பறையே நிரம்பி வழிகிறது. கசிவுக்குக் காரணம் கதவில் ஏறிய பாஸ்பேட்டா, உள்ளே ஏறிய கால்சியமா?

இந்தக் கேள்விதான் மூன்றாவது விளக்கத்துக்குக் கொண்டுபோகிறது. கனடாவின் கால்கரியில் வெய்ன் சென் குழு 2004-இல் முன்வைத்தது: ஒவ்வொரு கதவுக்கும் உள்ளிருக்கும் கால்சியத்துக்கு ஒரு தாங்கும் வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாமலே திறந்துகொள்ளும். இந்தக் கதவையே பாதிக்கும் ஒரு பரம்பரை நோயில் (அதைக் கடைசியில் சொல்கிறேன்) வரும் கதவு மாற்றங்கள் அந்த வரம்பைக் கீழே இறக்குகின்றன. கிருஷ்ணகிரி அணையின் முதல் ஷட்டர் 2017 நவம்பரில் உடைந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷட்டர் எவ்வளவு பழசு என்பது ஒரு கேள்வி, அதன் பின்னால் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது இன்னொரு கேள்வி. தண்ணீர் குறைவாக நின்றால் பழைய ஷட்டரிலும் ஒழுகல்தான், அந்த ஒழுகலே மட்டத்தை இன்னும் இறக்கிவிடும்.

இங்கிலாந்தில் டேவிட் ஐஸ்னர் குழு செல்லில் காட்டியதும் இதைத்தான். மிகக் குறைந்த அளவு காஃபீன் கொடுத்துக் கதவை மட்டும் எளிதாகத் திறக்க வைத்தால், முதல் சில துடிப்புகளில் கால்சியம் அதிகமாகக் கொட்டுகிறது. பிறகு சேமிப்பு குறைந்து எல்லாம் பழைய அளவுக்கே வந்துவிடுகிறது. கசிவு அலையாகத் தொடர வேண்டுமானால், அட்ரினலின் போன்ற ஒன்று பம்பை முடுக்கிச் சேமிப்பறையை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சோதனையைப் படித்த பிறகு என் பார்வை மாறிவிட்டது. பிகேஏ முக்கியம்தான். ஆனால் அதன் பெரும் பங்கு கதவில் இல்லை, பம்பில் இருக்கிறது. சேமிப்பின் அளவை மையத்தில் வைத்து, மற்ற இரண்டையும் அதைச் சுற்றி வைத்தால்தான் சான்றுகள் ஒன்றோடொன்று சண்டையிடாமல் உட்காருகின்றன. உள்ளிருக்கும் கால்சியத்தை உணர்வது கதவேதானா, அல்லது உள்ளே கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும் கால்செக்வெஸ்ட்ரின் புரதமா என்பது மட்டும் இன்னும் முடியாத வழக்கு.

சரி, மருந்துகள் இதில் தீர்ப்புச் சொல்லுமா? பீட்டா தடுப்பான் சொல்லாது. அது அட்ரினலினையே மறிப்பதால் மூன்று விளக்கங்களிலும் வேலை செய்யும். பீட்டா தடுப்பான்களில் கார்வெடிலால் மட்டும் கதவு திறந்திருக்கும் நேரத்தையும் குறைக்கிறது என்று 2011-இல் சென் குழு காட்டியது. ஆனாலும் கீழே சொல்லப்போகும் நோய்க்கு மருத்துவர்கள் முதலில் எடுப்பது நாடோலால் அல்லது ப்ரொப்ரனோலால் என்ற வேறு பீட்டா தடுப்பான்களைத்தான். அதோடு சேர்த்துக் கொடுக்கும் ஃப்ளெகெய்னைடு என்ற துடிப்புக் கோளாறு மருந்து, 2017-இல் வெளியான 14 பேர் சோதனையில் உடற்பயிற்சியின்போது வரும் கோளாறைத் தெளிவாகக் குறைத்தது. அது கதவை அடைக்கிறதா, சோடியம் சேனலை அடைக்கிறதா என்பதில் இன்றும் இரு கட்சி.

அந்த நோய்க்குச் சிபிவிடி (CPVT) என்று பெயர்; அட்ரினலின் எழும்போது துடிப்பு தாறுமாறாகும் பரம்பரை நோய். ஓடும்போதோ நீந்தும்போதோ பயந்தபோதோ பிள்ளை மயங்கி விழும். படுக்க வைத்து எடுத்த ஈசிஜி சுத்தமாக இருக்கும். அதனால் வலிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் உலகமெங்கும் உண்டு. ஸ்போர்ட்ஸ் டே ஓட்டத்தில் விழுந்த பிள்ளைக்கு விபூதி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடாமல் இதய மருத்துவரிடம் காட்டி, அவர் மேற்பார்வையில் டிரெட்மில் டெஸ்ட் எடுக்க வேண்டும். கோளாறு ஓடும்போதுதான் தலைகாட்டும். உறுதியானால் கூடப்பிறந்தவர்களையும் பெற்றோரையும் சோதிக்க வேண்டும். ரயனோடின் ரிசெப்டர் வகையில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கால்செக்வெஸ்ட்ரின் வகை பெரும்பாலும் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும். அது முதலில் 2001-இல் கண்டறியப்பட்டதே சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் பெடூயின் குடும்பங்களில்தான். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கம் நம் பக்கமும் உண்டு. ஆகவே அப்பா, அம்மா இருவருக்கும் ஒன்றும் இல்லையே என்பதற்காக இங்கே பரம்பரை நோயைத் தள்ளிவிட முடியாது.