மருதனார்மடத்தில் வாங்கிய கன்றுத் தீவனம்

எங்களிடம் இரண்டு ஜேர்சிக் கலப்புப் பசுக்கள். மூத்தது இந்த முறை நாகு, அதாவது பெண் கன்று ஈன்றது. முன்பு ஒரு நாகை நான் வளர்த்த விதத்தை நினைத்தால் இன்னும் மனம் சுடும். பாலைக் குறைத்துவிட்டு வைக்கோலைத்தான் முன்னால் போட்டேன். மூன்றாம் மாதத்தில் வயிறு பானை போல ஊதி, முதுகெலும்பு தெரிய நின்றது. அதனால்தான் இந்த முறை யாழ்ப்பாணத்து மருதனார்மடச் சந்தைக்குக் கிட்ட உள்ள கடையில் கன்றுத் தீவனம் வாங்கினேன்.

கடைக்காரர் மூட்டையைத் தலையில் கட்டவில்லை. "கண்டுக்கு எத்தினை நாள்?" என்று கேட்டார். அஞ்சு நாள் என்றேன். "அப்ப ரெண்டு கிலோ காணும் தங்கச்சி. முடிஞ்சாப் பிறகு வாங்கோ." அதற்காகவே அந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன்.

உடைத்த சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு எல்லாம் கலந்த பருபருப்பான தீவனம். பையைத் திறந்ததும் கரும்புப் பாகு மணக்கும். புரதம் 20 வீதம் என்று மூட்டையில் போட்டிருக்கிறது. பெரிய மாட்டுத் தீவனத்தையே கொஞ்சமாகக் கொடுத்தால் என்ன என்று அம்மா கேட்டா. அதில் சில வேளை யூரியா சேர்ப்பார்கள், குட்டிக் கன்றுக்கு அது ஆகாது.

கன்று பால் குடித்து முடித்த கையோடு, வாயில் நுரை காயும் முன்பே ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தேன். முதல் நாள் துப்பியது. இரண்டாம் நாள் ஈர மூக்கில் ஒட்டியதை நாக்கை நீட்டி வழித்தது. நாலாம் நாள் என் விரலைச் சூப்பிக்கொண்டே கிண்ணம் வரை வந்தது. ஒரு பிடிக்கு மேல் வைக்கவில்லை. மிஞ்சியதை விடிய எடுத்துத் தாய்ப் பசுவுக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வைத்தேன். எச்சில் பட்டுப் புளித்ததைக் கன்று மோந்தும் பார்க்காது.

பக்கத்திலேயே ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரும் வைக்க வேண்டும். பால் குடிக்கும் கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்றுதான் நானும் இருந்தேன். மாட்டின் நாலு இரைப்பைகளில், பால் முதலாவதற்குள் போகாமல் நேரே நாலாவதற்குப் போய்விடும். வாளியில் குடிக்கும் தண்ணீர்தான் முதல் இரைப்பையில் சேரும். தானியம் அங்கே புளித்து வரும் அமிலங்களால்தான் அதன் உட்சுவர் வளர்கிறது. வைக்கோலால் மட்டும் அது நடக்காது, வயிறுதான் பெருக்கும். நாலாம் கிழமை ஒரு பின்னேரம் பூவரச நிழலில் படுத்து இரை மீட்டதைப் பார்த்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

குறையும் உண்டு. மூட்டை அடியில் மாவாகப் போன தூள் நிறையக் கிடக்கும். அது மூக்கில் ஏறினால் கன்று தும்மிக்கொண்டு விலகிவிடும். நான் சுளகில் கொழித்துவிட்டே வைக்கிறேன். பாகு மணத்துக்கு எறும்பும் வரும், மூடியுள்ள வாளி கட்டாயம். விலையும் சாதாரணத் தீவனத்தை விடக் கூடத்தான். ஆனால் தொடர்ந்து மூன்று நாள் ஒரு கிலோ வீதம் தின்றதும் பாலை நிறுத்தினேன். அப்போது கன்றுக்கு இரண்டு மாதம் கடந்து சில நாள். அந்தப் பால் முழுவதும் இப்போது விற்பனைக்குப் போகிறது. நாலு மாதமாகிவிட்டது, வயிறு ஊதவில்லை, மயிர் மினுங்குகிறது.

மாரி காலத்தில் வாங்குபவர்கள் மட்டும் கவனம். போன வருடம் வேறு ஓர் இடத்தில் வாங்கிய மூட்டை நடுவில் கட்டி பிடித்துப் பூசணம் பூத்திருந்தது, அப்படியே தாட்டுவிட்டேன். எந்தக் கடையானாலும் உங்கள் முன்னால் மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள். கையை அடி வரை விட்டு ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.