இதய இரத்த ஓட்டத்தை அளக்கும் பெட் மென்பொருள்கள்: எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது உடலில் பரவுவதைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனிலிருந்து இதயத் தசையின் இரத்த ஓட்டத்தைக் கணக்கிட கியூபெட், கோரிடார் 4டிஎம், ஃப்ளோகுவான்ட், சிங்கோ எம்பிஎஃப் எனப் பல மென்பொருள்கள் புழக்கத்தில் உள்ளன. ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று இவை தரும் விடையில் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். இரண்டாவதை நான் பொருட்படுத்துவதே இல்லை.

2014இல் வெளியான ரூபி-10 ஆய்வு, ருபிடியம்-82 என்னும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுத்த ஸ்கேன்களைப் பத்து மென்பொருள்களில் ஓட்டி ஒப்பிட்டது. மருந்து இரத்தத்திலிருந்து தசைக்குச் செல்வதைக் கணிக்க ஒரே வகைக் கணித மாதிரியைப் பயன்படுத்திய எட்டு மென்பொருள்களின் விடைகள் ஏறத்தாழ 20 சதவீத வேறுபாட்டுக்குள் அடங்கின. எனவே வாங்குபவர் முதலில் விசாரிக்க வேண்டியது நிறுவனத்தின் பெயரை அல்ல, உள்ளே இயங்கும் மாதிரியை. அந்த 20 சதவீதமும் சிறிதன்று. ஓய்வில் 0.9, மருந்தால் ஓட்டத்தைத் தூண்டிய அழுத்த நிலையில் 2.0 என்றால், பின்னதை முன்னதால் வகுத்துப் பெறும் ஓட்ட இருப்பு விகிதம் 2.2, முன்னது பத்து சதவீதம் கூடி, பின்னது பத்து சதவீதம் குறைந்தால் அது 1.8 ஆகிவிடும். பலரும் எல்லையாகக் கொள்ளும் 2.0 இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், அதே நோயாளி இயல்பானவர் என்ற நிலையிலிருந்து ஐயத்துக்குரியவராகிவிடுகிறார்.

ஆனால் மாதிரியைவிட அதிகமாக விடையைக் கெடுப்பது அசைவுதான். ஓட்டத்தைத் தூண்ட அடினோசின் அல்லது ரெகாடெனோசன் கொடுத்த பின் மூச்சின் போக்கு மாறுவதால், ஸ்கேன் நடந்துகொண்டிருக்கும்போதே இதயம் மெல்ல இடம்பெயர்கிறது. கதிரியக்க மருந்து இரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் முதல் ஓரிரு நிமிடப் படங்களில், தசைக்கென வரைந்த எல்லைக்குள் இதய அறையின் இரத்தம் புகுந்துவிட்டால், அந்தப் பகுதியின் ஓட்டம் மிகையாகக் காட்டப்பட்டு உண்மையான அடைப்பு மறைந்துபோகலாம். ஓய்வு ஸ்கேனில் இதே அளவு அசைவு பெரும்பாலும் இராது என்பதால், விகிதம் எடுத்தாலும் இப்பிழை நீங்காது. புதிய பதிப்புகள் தாமாகவே அசைவைத் திருத்துகின்றன. பயனுள்ள வசதிதான், ஆயினும் திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு படத்தையும் எல்லைக்கோட்டுடன் ஓட்டிப் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்திடக் கூடாது. இரத்தத்தில் கதிரியக்க மருந்தின் அளவு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வளைவு செங்குத்தாக எழுந்து, ஒற்றை உச்சம் தொட்டு இறங்க வேண்டும். உச்சி தட்டையாக இருந்தால் ஸ்கேனரின் உணரிகள் திணறியிருக்கலாம், அல்லது கதிரியக்க மருந்து சீராகச் செலுத்தப்படாமல் இருந்திருக்கலாம். அத்தகைய தரவுக்கு எந்த மென்பொருளும் மருந்தாகாது.

ருபிடியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 76 வினாடிகளே என்பதால் பிற்பகுதிப் படங்களில் இரைச்சல் மிகுதி. ஏறத்தாழ பத்து நிமிட அரை ஆயுள் கொண்ட நைட்ரஜன்-13 அமோனியா இவ்வகையில் மேலானது, அருகில் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி இருந்தால்.

என் தேர்வு, வளைவுகளையும் படங்களையும் ஒளிக்காமல் காட்டி, கையால் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவுசெய்யும் மென்பொருளே. வண்ண வரைபடத்தையும் எண்ணையும் மட்டும் நீட்டுவதை இலவசமாகத் தந்தாலும் பரிந்துரைக்க மாட்டேன். தொடர் பரிசோதனைக்கு வருபவருக்குக் கதிரியக்க மருந்து, மாதிரி, மென்பொருள் மூன்றையும் மாற்றாதிருப்பது நல்லது. பதிப்பை மேம்படுத்த நேர்ந்தால், பழைய ஸ்கேன்கள் சிலவற்றைப் புதியதிலும் ஓட்டி ஒப்பிட்ட பிறகே நோயாளிகளுக்குப் பயன்படுத்த வேண்டும்.